வாங்க வேண்டியது நூலை அன்று, ஒழுங்கை

காலையில் கைபேசியைத் திறந்தவுடன் ஒரு வேத வசனம், அதையொட்டி ஒரு சிறு நிகழ்வு, முடிவில் இரண்டு வரி ஜெபம். கிறிஸ்தவர்களின் அன்றாடத் தியான நூல்கள் பெரும்பாலும் இவ்வாறே அமைந்துள்ளன. நம் வீடுகளிலும் சிலர் அவற்றை நாள்தோறும் வாசிக்கத் தொடங்கியுள்ளனர். "நல்ல கருத்துகள்தாமே, ஈமானுக்கு என்ன குறை வந்துவிடும்?" என்றும் கேட்கின்றனர்.

இவ்வகை நூல்களில் புகழ்பெற்றது ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் 'மை அட்மோஸ்ட் ஃபார் ஹிஸ் ஹையஸ்ட்'. எகிப்தில் போர்வீரர்களிடையே சமயப் பணியாற்றி 1917இல் மறைந்த அவருடைய உரைகளை, அவருடைய மனைவி தம் சுருக்கெழுத்துக் குறிப்புகளிலிருந்து தொகுத்து 1927இல் வெளியிட்டார். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்நூல் தரும் ஆறுதல் சிலுவையின் வழியே மீட்பு என்னும் நம்பிக்கையின்மீது நிற்கிறது. அதை அவர்கள் மறைக்கவுமில்லை. நாமோ ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் தூதராக ஏற்றவர்கள். அவன் எவரையும் பெறவில்லை என்று இக்லாஸ் சூராவில் ஓதுபவர்கள். அடித்தளத்தை மறுத்துவிட்டு மாடியில் குடியிருக்க இயலுமா? அறிந்துகொள்வதற்காக வாசிப்பது வேறு. ஃபஜ்ருக்குப் பின் உள்ளத்தின் உணவாகக் கொள்வது வேறு.

இத்துடன் நிறுத்தினால் நாம் பாதி உண்மையைக் கூறியவர்களாவோம். நம் பிள்ளை ஏன் அங்கே சென்றான்? புரியும் தமிழில், அன்றைய மனக்கவலைக்கு ஒரு சொல் அங்கே கிடைத்தது. நம் வீட்டுக் குர்ஆனோ பட்டுத்துணிக்குள் அலமாரியின் உச்சியில் இருக்கிறது. ரமளானில் இறங்குகிறது, மையித் வீட்டில் யாஸீன் ஓத இறங்குகிறது, பிறகு மீண்டும் ஏறிவிடுகிறது. தம் சமூகத்தார் இக்குர்ஆனைப் புறக்கணித்துவிட்டனர் என்று நபி (ஸல்) அவர்கள் இறைவனிடம் முறையிடுவதை 25:30 வசனம் கூறுகிறது. அம்முறையீடு நம்மைப் பற்றியதாகிவிடக் கூடாதே! "அதை வாசிக்காதே" என்று அதட்டும் தந்தையரே, எதை வாசிப்பதென்று பிள்ளையின் அருகில் அமர்ந்து என்றேனும் காட்டினோமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். குர்ஆனின் வசனங்கள் 6,236. நாளொன்றுக்கு 18 வசனங்களைப் பொருளுடன் வாசித்தால், 354 நாள்கள் கொண்ட ஹிஜ்ரி ஆண்டு முடியுமுன் குர்ஆன் முழுவதும் நிறைவுறும். அப்துல் ஹமீது பாகவி அவர்களின் மொழிபெயர்ப்பு முதலாகத் தமிழில் தர்ஜமாக்கள் பல உள்ளன. உடன் இமாம் நவவீயின் ரியாளுஸ் ஸாலிஹீனிலிருந்து ஒரு ஹதீஸ் போதும். குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது நபிமொழி கற்றுத்தரும் பாடம்.

ஆகவே, பிறரிடம் நாம் கற்க வேண்டியது ஒழுங்கை மட்டுமே; நூல் நம் வீட்டிலேயே இருக்கிறது. இன்று மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பட்டுத்துணியை அவிழ்ப்போம். மகள் வாசிக்கட்டும், வீட்டார் அனைவரும் கேட்போம். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.