14 பேருக்காக மாண்டவர்கள்

சூப்பர் ஹீரோ கதைகளில் மரணத்துக்கு மதிப்பில்லை என்பது அவற்றை வாசித்துப் பழகிய எவரும் அறிந்ததே. இந்த இதழில் மாண்ட நாயகன் சில இதழ்கள் கழித்து எழுந்து வந்துவிடுவான். அந்த வழக்கத்தை மீறி, 1968இல் ஒரு சித்திரக்கதை தன் நாயகர்கள் நால்வரையும் சாகவிட்டு முடிந்தது. டி.சி. கொமிக்ஸின் 'டூம் பட்ரோல்' அது. 2002 முதல் 2008 வரை ஐந்து கெட்டி அட்டைத் தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பழைய கதைகளை அண்மையில் மீண்டும் வாசித்து முடித்தேன்.

எழுத்தாளர்கள் ஆர்னோல்ட் டிரேக், பொப் ஹேனி, ஓவியர் புரூனோ பிரேமியானி ஆகியோரின் கைவண்ணத்தில் 1963 ஜூன் மாத இதழில் இக்குழு அறிமுகமானது. தலைவர் நைல்ஸ் கோல்டர் சக்கர நாற்காலியில் இருப்பவர். கார்ப் பந்தய வீரரான கிளிஃப் ஸ்டீல் விபத்தில் உடலை இழந்தவர். எஞ்சிய மூளை மட்டும் ஓர் இரும்பு உடலுக்குள் வாழ்கிறது. விமானி லாரி டிரெய்னரின் உடலில் கதிர்வீச்சு ஊறிவிட்டதால், பிறர் நலன் கருதித் தலை முதல் கால் வரை கட்டுத்துணி சுற்றியிருக்கிறார். அவருடைய உடலிலிருந்து பிரிந்து பறக்கும் சக்தியுருவம் 60 விநாடிகளுக்குள் திரும்பாவிட்டால் அவருக்கு உயிரில்லை. உடலைப் பெருக்கவும் சுருக்கவும் வல்ல ரீட்டா ஃபார், அந்த ஆற்றலினாலேயே திரையுலக வாழ்வை இழந்த நடிகை.

இவர்களுக்கு ஆற்றல் வரமாக வாய்க்கவில்லை; இழப்பின் மிச்சமாகவே வாய்த்தது. உலகம் தங்களை விநோதப் பிறவிகளாகப் பார்ப்பதை அறிந்தும் அவ்வுலகைக் காக்கப் புறப்படுகிறார்கள். கிளிஃபும் லாரியும் ஓயாமல் சண்டையிட்டுக்கொள்வார்கள். ஆயினும் ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்குவார். இளவயதில் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் கிழிந்த இதழ்களாக இவற்றைத் தேடியபோது, சண்டைக் காட்சிகளே என்னை ஈர்த்தன. இன்று ஈர்ப்பது அந்தச் சச்சரவும் அதனடியில் ஓடும் பாசமும்தான்.

குறைகள் இல்லாமலில்லை. கண்ணாடிக் கலத்துள் மிதக்கும் மூளையும், அதற்குப் பணிபுரியும் கொரில்லாவும் வில்லன்களாக வரும் கதைகளில் தர்க்கம் தேடலாகாது. ஆனால் பிரேமியானியின் தூரிகை அந்த அபத்தங்களையும் நம்பவைக்கிறது. அவர் வரைந்த முகங்களில் களைப்பும் கவலையும் தெரிகின்றன.

ஐந்தாம் தொகுதியின் இறுதியில் இருப்பது 121ஆவது இதழ். விற்பனை சரிந்து, இதழ் நிறுத்தப்படவிருந்த வேளை அது. ஒரு சிறு தீவில் நால்வரையும் சிக்கவைத்த எதிரி ஒரு தெரிவை முன்வைக்கிறான்: நீங்கள் சாகிறீர்களா, அல்லது தொலைவிலுள்ள மீனவக் கிராமமொன்றில் வாழும் 14 பேர் சாகட்டுமா? அந்த 14 பேரையும் நால்வரும் கண்டதில்லை. எனினும் அவர்கள் தங்கள் சாவையே தெரிவு செய்கிறார்கள்.

பல ஆண்டுகள் செய்திமேசையில் இருந்தவன் என்ற வகையில், 14 என்ற எண் என்னைத் தடுத்து நிறுத்துகிறது. எங்கள் போர்க்காலத்தில் 14 பேரின் மரணம் முதற்பக்கத்துக்கு வராத நாட்கள் இருந்தன. தலைப்பில் எண்ணைப் பொருத்திவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். உலகைக் காப்பதற்காக உயிர் கொடுக்கும் நாயகனுக்கு எண்ணிக்கையே நியாயமாகிவிடுகிறது. கண்டிராத 14 பேருக்காகச் சாவதற்கு அத்தகைய கணக்கு உதவாது. ஓர் உயிரை உயிராகவே மதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சிறுவர்களுக்காக அச்சான மலிவுத்தாள் இதழொன்று அதைச் சொல்லியிருக்கிறது.

பின்னர் வழக்கமே வென்றது. 1977இல் கிளிஃப் உயிர் பிழைத்திருந்ததாகக் கதை எழுதப்பட்டது. மற்றவர்களும் காலப்போக்கில் மீட்கப்பட்டார்கள். 2019 முதல் 2023 வரை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தார்கள். அவற்றுள் நல்ல படைப்புகள் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் மீண்டு வருவார்கள் என்று தெரிந்தபின் அந்தத் தியாகத்தின் கனம் குறைந்துவிடுகிறது. புதிதாக வாசிக்க முனைவோருக்கு என் பரிந்துரை இதுவே: முதல் தொகுதியிலிருந்து வரிசையாக வாசியுங்கள், ஐந்தாவதை முடித்ததும் சில காலமாவது அவர்களை மாண்டவர்களாகவே இருக்கவிடுங்கள்.