கண்ணாடிக்கு மட்டுமா இந்த உடல்?



மஃரிப் தொழுகைக்குப் பின் போடிநாயக்கனூரின் உடற்பயிற்சிக் கூடங்களில் நம் பிள்ளைகள் திரள்கின்றனர். வீண் பொழுதுபோக்கினும் இது மேல், மகிழ்கிறோம். ஆயின் அவர்கள் எதற்கு உழைக்கின்றனர் என்று பாருங்கள். நெஞ்சுக்கும் மேற்கையின் முன்தசைக்குமே. கண்ணாடியில் தெரிபவை அவைதாம். நடுமுதுகு, பின்தோள், பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால் ஆகியவை பாகப்பிரிவினையில் பங்கு மறுக்கப்பட்ட வாரிசுகளைப்போல் ஒதுங்கி நிற்கின்றன. இதனை நாம் கண்டிக்கிறோம்.

மனிதனைப் படைத்து, ஒழுங்குபடுத்தி, சமன்செய்தவன் இறைவன் என்பதைத் திருக்குர்ஆனின் 82:7ஆம் வசனம் நினைவூட்டுகிறது. அவன் சமன்செய்து தந்த அமானிதத்தில் ஒரு பாதியைப் பேணி, மறுபாதியை வாடவிடுவது எந்த நீதி?

மறுக்கப்பட்ட பங்கின் மதிப்பை அறிய வேண்டுமா? நம் மலைச்சரிவை நோக்குங்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தண்டிலிருந்து தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கிறது. ஆகவே அதைப் பறிக்கும் பெண்கள் சரிவில் காலூன்றிப் பகலெல்லாம் குனிகின்றனர். போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறி மலைக்குச் செல்லும் அந்தச் சகோதரியரைத் தாங்குவது நெஞ்சுத் தசையன்று; முதுகும் பிட்டமும் பின்தொடையும் கெண்டைக்காலும்தாம். உடலின் மிகப் பெரிய தசையே பிட்டத்தில்தான் இருக்கிறது. படியேறுவதும், அமர்ந்த இடத்திலிருந்து எழுவதும் அதன் பணி. முதுமையில் ஸுஜூதிலிருந்து எழத் தடுமாறும் பெரியவர்களைக் காண்கிறோம். இளமையில் இத்தசைகளைப் பேணாதவர் அந்நாளுக்கு என்ன சேமித்தார்?

“ஐவேளைத் தொழுகையே போதுமான உடற்பயிற்சி” என்பார் சிலர். தவறு. தொழுகை வணக்கம், அதை உடற்பயிற்சியின் கணக்கில் எழுதாதீர்கள். “உடலைப் பேணுவதே பெருமையின் அடையாளம்” என்பார் வேறு சிலர். அதுவும் தவறு. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பலமுள்ள இறைநம்பிக்கையாளரே இறைவனுக்கு அதிகம் விருப்பமானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டென்றும் உரைத்தார்கள். இதன் பிற்பகுதியை நாம் மறந்துவிடுகிறோம்.

அந்த மறதியால் விளைந்த பாவத்தில் நமக்கும் பங்குண்டு. மெலிந்த பிள்ளையைக் ‘கொக்குக்கால்’ என்று திருமண வீட்டில் அழைப்பவர் யார்? நாமே. வகுப்பில் அச்சொல் எழுந்தபோது நாமும் புன்னகைத்திருக்கிறோம், அல்லாஹ் மன்னிப்பானாக. அப்பிள்ளை பின்னர் ஆற்றுக் குளியலுக்கே வருவதில்லை. கண்ணாடிமுன் நின்று நெஞ்சை மட்டும் பெருக்க அவனை விரட்டியது நம் நாவே. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மறுமைத் தராசில் அவை உஹது மலையினும் கனமானவை என்றார்கள் நபியவர்கள். கேலி அங்கேயே முடிந்தது. நம் வீடுகளில் ஏன் முடியவில்லை?

இளைஞர்களே, உங்கள் பாட்டன்மார் தண்டால் எடுத்தால் பஸ்கியும் போட்டார்கள். மேலுடலும் கீழுடலும் சேர்ந்து வளர்ந்தன. நீங்களும் தள்ளும் பயிற்சி ஒன்று செய்தால் இழுக்கும் பயிற்சி ஒன்று செய்யுங்கள். தோள்மூட்டைப் பின்னிருந்து பிடித்து நிறுத்தும் தசைகள் அதனால் வலுப்பெறும். வாரத்தில் இரு நாள்களைக் கால்களுக்கு ஒதுக்குங்கள். வீட்டுப் படியின் விளிம்பில் முன்பாதம் ஊன்றிக் குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள். கெண்டைக்காலுக்குச் செலவில்லாப் பயிற்சி அது. விரைவில் பெருக்க வேண்டி ஊக்க ஊசியை நாடாதீர்கள். பெற்றோரே, பெண்மக்களுக்கும் இல்லத்தில் இதற்கு இடமும் நேரமும் கொடுங்கள்.

ஆணின் தொடை அவ்ரத். பிறர் பார்வைக்கு உரியதன்று. பாராட்ட எவருமில்லாத அவ்வுறுப்புக்கு உழைப்பவர், முகஸ்துதியிலிருந்து ஓரடி விலகி நிற்கிறார். காண்பவன் அல்லாஹ் ஒருவனே என்ற எண்ணத்தோடு அமானிதத்தை முழுமையாகப் பேணும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.