காகிதங்களுக்கும் ஒரு கோடை உழவு

ஐப்பசி கடைசியில் ராமநாதபுரம் மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். புழுதியில் விதைத்த நெல் மழை கண்டு ஒரு சாண் எழுந்திருக்கும். களை எடுக்கவும் மேலுரம் போடவும் அதுதான் பருவம். ஆனால், வயலில் நிற்க வேண்டியவர் மஞ்சள் பையோடு ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பார். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலரிடம் போவார், பிறகு பொது சேவை மையத்துக்குப் போவார். "சர்வர் வேலை செய்யலை, நாளைக்கு வாங்க" என்றதும் அதே பையோடு வீடு திரும்புவார். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது என்பது அப்போதுதான் ஊருக்கே நினைவு வந்திருக்கும்.

இப்போது கோடை. ஈரம் கிடைத்த இடங்களில் உழவு நடக்கிறது. 'கோடை உழவு கோடி நன்மை' என்று மண்ணைப் பற்றி மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். வீட்டுத் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் பட்டாவுக்கும் பாஸ்புக்குக்கும் ரசீதுகளுக்கும் அதே உழவு தேவை. கண்மாயையும் வானத்தையும் நம்பிப் பயிர் செய்யும் மாவட்டம் இது. மகசூல் ஏமாற்றுகிற ஆண்டில் குடும்பத்துக்கு வரக்கூடிய பணம் காகிதத்தின் வழியாகத்தான் வரும். அந்தக் காகிதம் பருவத்தில் தயாராக இல்லையென்றால் அந்த வருமானமும் பயிரோடு சேர்ந்து கருகிவிடும்.

2016 கற்றுத் தந்தது

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. வைகையின் கடைசித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நம் பகுதிக்கு அந்த ஆண்டு எப்படி இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஆண்டில், காப்பீடு செய்து, பெயரும் நிலமும் வங்கிக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்த வீட்டுக்கு அடுத்த விதைப்புக்கு ஒரு பிடிமானம் இருக்கும். பொருந்தாத வீட்டுக்கு வட்டிக் கடன்தான் வழி.

இதில் விவசாயி கட்டும் பங்கு அதிகமில்லை. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மிளகாய் போன்ற தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம். வீடுகள் கோட்டைவிடுவது பணம் கட்டுவதில் அல்ல, தேதியிலும் விவரங்களிலும்தான். கடந்த சில ஆண்டுகளாகச் சம்பா நெல்லுக்கு நவம்பர் 15 என்று அறிவித்துவிட்டுப் பிறகு நீட்டித்தார்கள். நீட்டிப்பார்கள் என்று நம்பிக் காத்திருப்பது, மடை திறப்பார்கள் என்று நம்பி நாற்றங்காலே போடாமல் இருப்பதற்குச் சமம்.

விவரங்களில் முக்கியமானது கிராமத்தின் பெயர். நெல்லுக்கு இழப்பீடு பெரும்பாலும் தனி வயலைப் பார்த்து வருவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரி மகசூலை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கணினியில் பதியும்போது பக்கத்து வருவாய்க் கிராமத்தின் பெயர் ஏறிவிட்டால், உங்கள் வயல் காய்ந்திருந்தாலும் அந்த ஊரின் மகசூல்தான் உங்கள் கணக்கு. ரசீதை வாங்கிய இடத்திலேயே நின்று கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு நான்கையும் படித்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0.81.0 என்றால் ஏறக்குறைய இரண்டு ஏக்கர்.

பயிர்க்கடன் வாங்கியவர்கள் 'வங்கியே பார்த்துக்கொள்ளும்' என்று இருந்துவிடுகிறார்கள். 2020 முதல் காப்பீடு விருப்பத்தின் பேரில்தான். வேண்டாம் என்றால் கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். எந்த நிலத்துக்கு, எந்தப் பயிருக்குப் பிடித்தார்கள் என்பதை ரசீதாகக் கேட்டு வாங்குங்கள். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் புயல் மழையில் நனைந்து வீணானால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. காப்பீட்டு விண்ணப்ப எண்ணைத் தேடுவதிலேயே ஒரு நாள் போய்விட்டால் மிச்சம் இரண்டு நாள்தான்.

என் வீட்டில் நடந்தது

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் எனக்கு, என் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க நீண்ட காலம் ஆனது. 2019இல் பி.எம். கிசான் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகள். நாற்பது ஆண்டுகளாக உழுது வந்த அப்பாவால் விண்ணப்பிக்க முடியவில்லை. பட்டா தாத்தா பெயரில் இருந்தது. "மாத்திக்கலாம், நிலம் எங்கே ஓடிப்போகுது?" என்று அப்பா சொன்னார். நானும் விட்டுவிட்டேன். அவர் இருந்தவரை ஒரு தவணைகூட வாங்கவில்லை.

அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தோம். தாத்தாவின் இறப்பு பதிவாகவே இல்லை. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை போக வேண்டும். அதை முடித்து, தாத்தாவுக்கு ஒரு வாரிசுச் சான்று, அப்பாவுக்கு ஒன்று வாங்கினோம். பிறகு அத்தைகளிடம் கையெழுத்துக் கேட்டுப் போனேன். பெரிய அத்தை, "இத்தனை வருஷத்துல இப்பத்தானே என் பேரு ஞாபகம் வந்துச்சு?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வாரிசுச் சான்றில் மகள் பெயரும் மகன் பெயருக்குச் சமமாகத்தான் நிற்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்பதைத் தமிழகம் 1989லேயே சட்டமாக்கிவிட்டது. கடைசி நேரத்தில் பேப்பரை நீட்டினால் அது கையெழுத்துக் கேட்பதாகத்தான் தெரியும். முன்பே உட்கார்ந்து பேசினால் உறவும் நிற்கும், பட்டாவும் மாறும்.

இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆதாரையும் நில ஆவணத்தையும் இணைத்துத்தான் அது கிடைக்கும். இறந்தவர் பெயரில் பட்டாவை வைத்துக்கொண்டு உழுபவருக்கு இனி ஒவ்வொரு திட்டத்திலும் இடறும்.

செய்ய வேண்டியவை

முதலில் ஒரே பெட்டி. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வங்கி மற்றும் கூட்டுறவுச் சங்கப் புத்தகங்கள், காப்பீட்டு ரசீது, குடும்ப அட்டை, பிறப்பு, இறப்பு, சாதிச் சான்றுகள், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதற்குள். உப்புக் காற்றுக்குத் தகரம் துருப்பிடிக்கும். தரையில் வைத்தால் கரையான் ஏறும். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு உயரத்தில் வையுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியே அழிந்த இரவில் பெட்டியைத் தேடி எடுக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் கையோடு தூக்கக்கூடிய அளவில் பெட்டி இருக்கட்டும். எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். ஆதார் போன்றவற்றை டிஜிலாக்கரில் சேர்த்துவிடலாம். பத்திரம் தொலைந்தாலும் பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம்.

இரண்டாவது ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்தில் நிலம்: கிராமம், சர்வே எண், பரப்பு, யார் பெயரில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஆட்கள்: ஆதாரில், பட்டாவில், பாஸ்புக்கில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது. நம் கடற்கரையில் 'முகமது', 'முஹம்மது' என்று ஒரே ஆளுக்கு இரண்டு எழுத்து. இன்னொரு வீட்டில் இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் வித்தியாசம் கண்ணில் படும். மூன்றாவது பக்கத்தில் வங்கிக் கணக்குகள். ஆதார் வழியாக வரும் பணம், ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். 'பணம் வரவில்லை' என்று அலைகிற சிலருக்குப் பணம் மறந்துபோன கணக்கில் கிடக்கிறது.

மூன்றாவது, அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர். பயிர்க்கடன் தவணை நாளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய நாளில் கட்டினால் வட்டி இல்லை. நாள் தவறினால் வட்டி உண்டு. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். கல்லூரி சேர்க்கை நேரத்தில் அலையாமல் முன்பே விண்ணப்பிக்க ஒரு வட்டம். காப்பீட்டுக்கு நவம்பரைப் பார்க்காதீர்கள். விதைத்த வாரத்திலேயே அடங்கலுக்குப் போக வேண்டும் என்று புரட்டாசியில் ஒரு வட்டம் போடுங்கள்.

கடலோர வீடுகளுக்கு இதே கோடையில் ஓய்வு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரே குடும்பத்தில் ஒருவர் படகில், ஒருவர் தென்னையிலோ மல்லிகை நாற்றிலோ, பெண்கள் கடற்பாசியில் என்று பிரிந்திருப்பார்கள். தடைக்கால நிவாரணமும் சேமிப்பு நிவாரணமும் வங்கிக் கணக்குக்குத்தான் வருகின்றன. எஞ்சினும் வலையும் பழுது பார்க்கும் நாட்களில் பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சாவி யாரிடம்?

இத்தனையும் ஒரு ஆண் தலையில் மட்டும் இருந்தால் பயனில்லை. இம்மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போகாத ஆள் இல்லாத தெரு குறைவு. நிலமும் பட்டாவும் இங்கே, ஆதாரோடு இணைந்த சிம் கார்டு அவரோடு அங்கே. ரீசார்ஜ் இல்லாமல் அந்த எண் செத்துப்போயிருக்கும். பி.எம். கிசான் சரிபார்ப்புக்கு வரும் ஓ.டி.பி. யாருக்கும் போய்ச் சேராது. கிளம்பும் முன் எண்ணை உயிரோடு வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பெட்டியின் சாவியை மனைவியிடம் கொடுங்கள். கொடுத்தால் போதாது, ஒவ்வொரு காகிதமும் என்ன, எதற்கு என்று ஒரு மாலை உட்கார்ந்து சொல்லுங்கள். பத்தாவது படிக்கும் மகளைக் கூட்டி வைத்து நோட்டை அவள் கையால் எழுதச் சொல்லுங்கள்.

அரசுக்கும் சொல்ல இருக்கிறது. வயலில் வேலை உச்சத்தில் இருக்கும்போது அடங்கல், காப்பீடு, சரிபார்ப்பு எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் குவித்துவிட்டு, விவசாயி கடைசி நாளில் வருகிறார் என்று குறை சொல்வது நியாயமில்லை. பெயர்த் திருத்தம், வாரிசு வழிப் பட்டா மாற்றம் இரண்டுக்கும் ஆடிக்கு முன்பே ஊர்தோறும் முகாம் நடத்தலாம். காப்பீட்டுத் தேதியை நீட்டிப்பதென்றால் கடைசி நாள் மாலையில் அல்ல, ஒரு வாரம் முன்பே அறிவிக்கலாம். ரசீது தெளிவான தமிழில் இருந்தால் தவறைப் படிக்கத் தெரிந்த யாரும் கண்டுபிடிப்பார்கள்.

முகாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வருவாய் ஆண்டான பசலி ஜூலை 1இல் பிறக்கிறது. அதற்கு முன், மே, ஜூன் மாதங்களில் வட்டந்தோறும் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் தாலுகா அலுவலகத்தில் மேசைக்கு வரும் நாட்கள் அவை. பட்டா மாறுதலுக்கும் பிழைத் திருத்தத்துக்கும் மனு கொடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, காலண்டரில் முதல் வட்டத்தை அதற்குப் போடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் பெட்டியை இறக்கித் திண்ணையில் வைத்துத் திறங்கள். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்காருங்கள். ஐப்பசி மழையில் நீங்கள் நிற்க வேண்டிய இடம் வயல். ஜெராக்ஸ் கடை வாசல் அல்ல.