கர்ணன் கஞ்சனாகலாமா?

காமிக்ஸ் புத்தகங்களைப் பற்றி ஒரு நாவலாசிரியனுக்கு என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். கதாபாத்திரங்களைப் படைத்து, அவர்களோடு மல்லாடி, அவர்களாலேயே வயிறு வளர்க்கிறவன் நான். எந்த நாட்டில், எந்தக் காகிதத்தில் ஒரு பாத்திரத்துக்கு அநீதி நடந்தாலும் அது என் தொழிலுக்கு நடந்த அநீதிதான்.

நான் சொல்ல வந்தது அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் பற்றி. அங்கே மார்வல், டிசி என்று இரண்டு பெரிய கம்பெனிகள். முக்கியமான வீரன் ஒவ்வொருவனுக்கும் தனி மாத இதழ் உண்டு. அதை எழுத ஓர் ஆசிரியர் உண்டு. அவ்வப்போது கம்பெனிக்காரர்கள் இந்த வீரர்களை எல்லாம் ஒரே கதைக்குள் திரட்டி, "உலகம் அழியப்போகிறது, இனி எதுவும் பழையபடி இராது" என்று தண்டோராப் போட்டு, பல மாதங்களுக்கு ஒரு திருவிழா நடத்துவார்கள். அதற்கு 'கிராஸ்ஓவர்' என்று பெயர். திருவிழா முடியும்வரை மாத இதழ்காரர்கள் தங்கள் சொந்தக் கதையை ஓரமாக வைத்துவிட்டுப் பின்பாட்டுப் பாடவேண்டியதுதான். 1984இல் மார்வல் தொடங்கிய 'சீக்ரெட் வார்ஸ்' என்ற பன்னிரண்டு இதழ்க் கதை, மேட்டல் கம்பெனியின் பொம்மை வரிசையோடு சேர்ந்தே பிறந்தது.

வியாபாரம் என்பதற்காக நான் கோபப்படவில்லை. நானும் பத்திரிகை விற்பதற்காகத் தொடர்கதை எழுதுகிறவன்தான். என் கோபம் வேறு. ஓர் எழுத்தாளன் பத்து வருஷம் பாடுபட்டு வளர்த்த பாத்திரத்தின் குணத்தை, ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைக்காக இன்னொருவர் கொளுத்திவிட்டுப் போகிறாரே, அதுதான் என் கோபம்.

ஒரே ஓர் உதாரணத்தை ஒழுங்காகப் பார்ப்போம். மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷ் என்ற வீரன் டிசி கம்பெனியின் படைப்பு. 1956இல் வந்த ஃபிளாஷின் பெயர் பாரி ஆலன். அவனுடைய காதலி ஐரிஸின் மருமகன் வாலி வெஸ்ட் என்ற சிறுவன். இவன் 1959இல் குட்டி ஃபிளாஷாக வந்து சேர்ந்தான். 1985இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற பெருங்கதை நடந்தது. மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைந்தார். அதன் எட்டாவது இதழில் பாரி பிரபஞ்சத்தைக் காப்பாற்றி உயிரை விட்டான். வாலி அந்த உடுப்பை அணிந்துகொண்டான்.

இந்தச் சாவை நான் குறைகூற மாட்டேன். ஏனென்றால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஆசானின் இடத்தில் நிற்கத் தகுதி உண்டா என்று தவித்த ஓர் இளைஞனை, மாதாமாதம், பொறுமையாக ஆளாக்கினார்கள். 1992இலிருந்து பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர்களில் முதன்மையானவர் மார்க் வெய்ட். வாலி லிண்டாவைக் காதலித்தான், மணந்தான், இரட்டைப் பிள்ளைகளுக்குத் தகப்பனானான். திருவிழாவில் விழுந்த சாவுக்கு மரியாதை கொடுத்து, அதிலிருந்து ஒரு வாழ்க்கையைக் கட்டினார்கள். கிராஸ்ஓவர் எல்லாமே பாவம் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

பிறகு வந்தது அழிவு. 2008இல் 'ஃபைனல் கிரைசிஸ்' என்ற திருவிழாவில் பாரியை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2011இல் 'ஃபிளாஷ்பாயின்ட்' என்ற திருவிழா முடிந்து கம்பெனி தன் உலகத்தைப் புதிதாகத் தொடங்கியபோது, வாலி என்று ஒருவன் இருந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இல்லை! 2016இல் அவனைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் மனைவிக்கு அவனைத் தெரியவில்லை, பிள்ளைகளைக் காணவில்லை. 2018இல் 'ஹீரோஸ் இன் கிரைசிஸ்' வந்தது. மனம் நொந்த வீரர்கள் சிகிச்சைக்குத் தங்கும் ஓர் இல்லத்தில், துக்கம் தாளாத வாலியின் சக்தி கட்டுமீறி வெடித்துப் பலரைக் கொன்றுவிடுகிறது. அதோடு விட்டார்களா? அவன் அந்த உண்மையை மறைத்து, பழியை வேறு இருவர் தலையில் விழும்படி ஜோடிக்கிறான்.

விபத்தை நான் மன்னிப்பேன். எவன் கைக்கும் விபத்து நேரலாம். பழியை அடுத்தவன் தலையில் போடுகிறவன் வாலி அல்லவே! முப்பது ஆண்டுகளாக நாம் பழகியவன் அப்படிச் செய்யமாட்டான் என்பது அவனைப் படித்த பையன்களுக்குக்கூடத் தெரியும். எழுதியவருக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான், வாலி அகப்பட்டான். 2021இல் ஜெரமி ஆடம்ஸ் என்ற எழுத்தாளர் வந்து அந்தப் பழியைத் துடைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் ஓர் எழுத்தாளனின் உழைப்பு இன்னொருவர் பூசிய சேற்றைக் கழுவுவதில் போகிறதே, அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

மார்வல் மட்டும் யோக்கியமா? 2006இல் 'சிவில் வார்' என்ற திருவிழாவில் ஸ்பைடர்மேன் உலகத்தின் முன்னால் முகமூடியைக் கழற்றினான். அட்டகாசமான காட்சி! அதன் விளைவாக அவனுடைய அத்தை மேயின்மீது குண்டு பாய்ந்தது. அவளைப் பிழைக்கவைக்க அவன் மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு பேரம் பேசி, 1987இல் நடந்த தன் கல்யாணமே நடக்காததுபோல் அழிக்கச் சம்மதித்தான். ஒரு பக்கத்துக் கைதட்டலுக்குக் கொடுத்த விலை இருபது வருஷத் தாம்பத்தியம்!

"காமிக்ஸில் செத்தவன் பிழைப்பதும் மாறுவதும் சகஜம், இதற்கு இவ்வளவு ஆத்திரமா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நம் ஊர்த் தெருக்கூத்தை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். இன்றிரவு இந்த ஊரில் கர்ணன் சாகிறான். நாளை இரவு அடுத்த ஊரில் எழுந்து வந்து மறுபடியும் சாகிறான். யாராவது முறையிடுகிறார்களா? தெரிந்த சாவுக்கே விடியவிடிய உட்கார்ந்து அழுகிறார்கள். ஆனால் ஒரு நாள் கூத்து களைகட்டவேண்டும் என்பதற்காகக் கர்ணன் யாசகனை விரட்டி அடிக்கட்டும் பார்க்கலாம்! முன்வரிசைக் கிழவிகளே வேஷக்காரனை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். சாவு கதைக்குச் சொந்தம். குணம் பாத்திரத்துக்குச் சொந்தம். அந்தக் கிழவிகளுக்கு இது தெரியும். பெரிய கம்பெனிகளின் ஆசிரியர் குழுவுக்குத் தெரியவில்லை.

சட்டப்படி பாத்திரம் கம்பெனியின் சொத்து என்பார்கள். இருக்கட்டும். வீடும் சொந்தக்காரனுடையதுதான், அதற்காகக் குடியிருப்பவன் சோற்றில் மண்ணைப் போடலாமா? திருவிழா நடத்துங்கள், வேண்டுமானால் கொல்லுங்கள். ஆனால் ஒருவனைக் கோழையாக்குமுன், கபடனாக்குமுன், அவனை மாதாமாதம் எழுதுகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள். "அவன் இதைச் செய்யமாட்டான்" என்று அவர் சொன்னால், கதையை மாற்றுங்கள், அவனை மாற்றாதீர்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். "எல்லாம் மாறப்போகிறது" என்ற தண்டோராவைக் கேட்டதும் கடைக்கு ஓடுகிறீர்கள், படித்துவிட்டுத் திட்டுகிறீர்கள், அடுத்த தண்டோராவுக்கு மறுபடியும் ஓடுகிறீர்கள். உங்கள் திட்டு அவர்கள் காதில் விழாது. உங்கள் காசுதான் அவர்கள் காதில் விழும். அந்தக் காசை, யாரும் தண்டோராப் போடாத ஒரு மாத இதழில், ஒரு பாத்திரத்தை யோக்கியமாக வளர்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஓர் எழுத்தாளனுக்குக் கொடுங்கள்.