இணையதளம் இருக்கச் செயலி எதற்கு?

“உங்கள் கடை இணையதளத்தைச் செல்போன் செயலியாக மாற்றித் தருகிறோம்” என்று கடையேறி வந்து கேட்பவரிடம் முன்பணம் கொடுக்குமுன், பெரம்பலூர், அரியலூர் வணிகப் பெருமக்கள் மிந்த்ரா நிறுவனத்தின் அனுபவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆயத்த ஆடை விற்கும் அந்நிறுவனம் 2015 மே மாதம் இணையதளத்தையே மூடிவிட்டு, இனிச் செயலியில் மட்டுமே விற்பனை என்றது. ஓராண்டுதான் தாங்கியது. 2016 ஜூன் மாதம் இணையதளம் மீண்டும் திறக்கப்பட்டது. ஃபிளிப்கார்ட்டின் பணபலம் பின்னால் நின்றும் இதுதான் நிலை!

மாதம் ஒருமுறை மளிகைச் சீட்டு எழுதும் குடும்பம் நம் ஒரு கடைக்காகப் போனில் இடம் ஒதுக்குமா? போனில் இடம் நிறைந்தால் முதலில் நீக்கப்படுவது நம் செயலிதான். செலவும் ஒரு தடவையோடு தீராது. பிளே ஸ்டோர் பதிவுக்கு 25 டாலர் ஒரே முறை. ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். ஆண்ட்ராய்டு மாறும்போதெல்லாம் திருத்துகூலி தனி. (சின்ன வெங்காயம் விலை மாறும்போதெல்லாம் செயலியில் திருத்த யாரை உட்கார வைப்பது?)

இருக்கும் இணையதளத்தைச் செல்போன் திரைக்கு ஏற்பச் சீராக்கினாலே போதும். குரோமில் அதை முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளலாம். சீட்டு வாங்க வாட்ஸ்அப் பிசினஸ் இருக்கிறது. பொருள் பட்டியலும் வைக்கலாம்.

ஜெயங்கொண்டம், செந்துறை சில்லறைக் கடைகளுக்கு அன்றாடம் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியின் கணக்கு வேறு. அதே கடைக்காரர்கள் தினமும் ஆர்டரும் பாக்கியும் பார்ப்பார்கள். அங்கே செயலி உதவும். அவர்களும் பிளே ஸ்டோர் கணக்கு தங்கள் பெயரிலேயே இருக்கும் என்று எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.