நோயாளிக்குத் தெரியாத நோய்

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் இருக்கிறது. அங்கே 17 கற்படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. சமணத் துறவிகள் தவம் செய்த இடம். சிலர் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்திருக்கலாம் என்றும் கருதப்படுகிறது. தீராத நோய், தள்ளாத முதுமை, கடும் பஞ்சம் போன்ற விலக்க முடியாத நிலைக்கே சமணம் அந்த நோன்பை வைத்தது. நோன்பு தொடங்குமுன் பகையையும் பற்றையும் விட வேண்டும், சுற்றத்தாரை மன்னித்து அவர்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும் என்கிறது சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம். அந்த நோன்பை இன்று யாருக்கும் நான் பரிந்துரைக்கவில்லை. முடிவு நெருங்குவது தெரிந்தவரால்தான் வாழ்ந்த வாழ்வைக் கணக்குப் பார்க்க முடியும் என்ற தெளிவு இந்த மண்ணில் இருந்தது என்பதே என் பேச்சு.

இன்றோ நம் வீடுகள் பலவற்றில், முற்றிய புற்றுநோய் வந்தவருக்குத்தான் அது கடைசியாகத் தெரிகிறது. பயாப்ஸி முடிவு மகன் கைக்குப் போகிறது. ‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்’ என்ற கெஞ்சலுக்கு மருத்துவரும் இணங்கிவிடுகிறார். ‘வயித்துப்புண்தான், சரியாயிடும்’ என்பது நோயாளிக்குக் கிடைக்கும் பதில். அவருக்கோ பாகம் பிரிக்காத நிலம் இருக்கும். வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி இருப்பார். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது பாக்கி நிற்கும். இவற்றில் எதை முதலில் முடிப்பது என்பதை வேறு யார் சொல்ல முடியும்? கீமோ இன்னொரு சுற்று வேண்டுமா, ஊருக்கே போய்விடலாமா என்பதைக்கூட மற்றவர்களே தீர்மானிக்கிறார்கள். மீளமுடியாத நிலையில் உயிர்நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது; 2023 ஜனவரியில் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. தன் நோய் இன்னதென்றே அறியாதவர் அதில் என்ன எழுதுவார்?

சொன்னால் மனசு விட்டுப்போகும், இருக்கிற நாளும் குறைந்துவிடும் என்பது குடும்பத்தாரின் அச்சம். அன்பில் பிறந்த அச்சம் என்பதால் அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 2010-இல் வெளியான பாஸ்டன் ஆய்வைப் பாருங்கள். பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புப் பராமரிப்பும் கொடுத்தார்கள். நோய்நிலையையும் நோயாளியின் விருப்பங்களையும் அவரோடு மனம்விட்டுப் பேசுவதும் அதன் ஒரு பகுதி. அந்தப் பிரிவில் மனச்சோர்வு குறைந்தது. இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதம், மற்ற பிரிவில் 8.9. பேச்சு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று சொல்லமாட்டேன். அது ஆயுளைக் குறைக்கும் என்ற வாதம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

வலிக்கு மருந்தில்லாமல் உண்மையை மட்டும் சொல்வது கொடுமை என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் வலி தணிப்புச் சேவையும் அடங்கும். அது கடைக்கோடிக் கிராமம்வரை தவறாமல் போய்ச் சேர வேண்டும். இன்னொரு மறுப்பும் நியாயமானது: சிலர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பமாட்டார்கள். அதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். பரிசோதனைக்கு அனுப்பும் நாளிலேயே, முடிவு வந்தால் உங்களிடம் சொல்லவா, வீட்டில் யாரிடமாவது சொல்லவா என்று மருத்துவர் நோயாளியிடம் கேட்டு, பதிலைச் சீட்டில் குறித்துவைத்தால் போதும். மகன் கெஞ்சும்போது காட்ட அந்தச் சீட்டு மருத்துவரிடம் இருக்கும்.