காது கேளாத மாணவர்களுக்கு கம்ப்யூட்டர் தமிழ் சொல்லித் தருமா? காரைக்காலில் என்ன நிலை?

காரைக்கால் அரசுப் பள்ளிகள் தமிழ்நாடு பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறியதில், காது கேளாத மாணவர்களுக்கு அதிகம் பேசப்படாத ஒரு லாபம் இருக்கு. ஆனா, அது தமிழுக்கு வந்து சேரவில்லை.

என்ன லாபம்?

என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை சைகை மொழி வீடியோக்களாக மாற்ற, டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்துடன் 2020 அக்டோபரில் ஒப்பந்தம் போடப்பட்டது. 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதி 2021-ல் வந்தது. 'சைன் லேர்ன்' செயலி 2022-ல் வந்தது. 2024 டிசம்பரில் பி.எம். இ-வித்யா 31-வது சேனல் சைகை மொழிக்கென்றே தொடங்கப்பட்டது. காரைக்காலில் 2023-24 முதல் 6-ம் வகுப்புக்கு மேலும் சி.பி.எஸ்.இ. வந்ததால், இவை இங்குள்ள பிள்ளைகளுக்கும் நேரடியாகப் பயன்படும். பக்கத்து நாகப்பட்டினத்தில் தமிழ்நாடு பாடநூல் படிக்கும் பிள்ளைக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தக வீடியோக்கள் அப்படி நேரடியாகப் பொருந்தாது.

தமிழ் எங்கே சிக்குது?

சைன் லேர்ன் வெளியானபோது ஹிந்தி அல்லது ஆங்கிலத்தில்தான் சொல்லைத் தேட முடிந்தது. பிள்ளையைச் சுற்றி இருப்பதோ தமிழ். அதில் பெரிய தடுமாற்றம் வேற்றுமை உருபில்தான். 'தம்பியை', 'தம்பிக்கு', 'தம்பியால்' என்பதையெல்லாம் காது கேட்கும் குழந்தை பள்ளிக்கு வரும் முன்பே கேட்டுக் கேட்டுப் பிடித்துவிடும். காது கேளாத குழந்தைக்கு அது சொல்லின் வாலில் ஒட்டிய எழுத்து, அவ்வளவுதான். சைகை மொழியில் இந்த உருபுகள் கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை கை நகரும் திசையே காட்டிவிடும்.

இங்கேதான் கம்ப்யூட்டருக்கு வேலை. கை தம்பியை நோக்கி நகரும்போது, திரையில் 'தம்பிக்கு' என்பதில் 'க்கு' மட்டும் நிறம் மாறினால் போதும். தப்பாகத் தொட்டால் சைகை மறுபடி ஓடும். நாற்பது தடவை ஆனாலும் அதற்கு அலுக்காது. அமெரிக்காவின் கலாடெட் பல்கலைக்கழகம் 2013-லேயே வெளியிட்ட 'பாவோபாப்' கதைச் செயலியில், சொல்லைத் தொட்டால் அதன் சைகை வரும்.

வேடிக்கை என்னன்னா, இந்திய சைகை மொழியின் வாக்கிய வரிசை ஆங்கிலத்தைவிட தமிழுக்குத்தான் நெருக்கம். இரண்டிலும் வினைச்சொல் கடைசியில்தான்.

வீடியோ மட்டும் போதுமா?

போதாது. பெரும்பாலான காது கேளாத குழந்தைகளின் பெற்றோர் காது கேட்பவர்கள், சைகை தெரியாதவர்கள். சைகையே தெரியாத குழந்தைக்கு சைகை வீடியோவும் புரியாத மொழிதான். சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஸ்மார்ட் போர்டை டெண்டர் விட்டு வாங்கிவிடலாம், இந்த ஆசிரியரை அப்படி வாங்க முடியாது.

அகராதி வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகவே இருக்கு. குழந்தை 6-ம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல், வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து இன்றைக்கே 'சோறு', 'தண்ணி', 'அம்மா'வில் ஆரம்பிக்கலாம்.